கெஷ்ம் தீவில் தாழ்ப்பாள் போடக் கூடாது

என் அத்தானுக்கு உலகத்தில் எல்லாமே ரெண்டு நாள் வேலை. குழாய் ஒழுகினால் ரெண்டு நாள் வேலை. கார் லைசென்ஸ் எடுப்பது ரெண்டு நாள் வேலை; அதற்காக அவர் ஏழாவது முறையாக டெஸ்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என் விசிட் விசா முடியப் போகிறது என்றதும் ஷார்ஜா ஃபிளாட்டின் சோபாவில் சாய்ந்தபடி, "கெஷ்முக்குப் போயிட்டு வந்திரு, ரெண்டு நாள் வேலை" என்று அவர் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அக்காதான், "எட்டி, நாலு உடுப்பு கூட எடுத்து வச்சுக்க" என்றாள். கேட்டேனா? இரண்டு சுடிதாரும் பரீட்சைக்குப் படிக்க ஒரு கைடும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கெஷ்ம், ஈரானுடைய தீவு. துபாய்க்கு எதிர்க்கரையில், கடல் குறுகும் இடத்தில் நீளமாகக் கிடக்கிறது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், விசிட் விசாவில் வந்து வேலை தேடுகிறவர்கள் விசா முடிந்தால் நாட்டைவிட்டு வெளியேறி, புது விசாவில்தான் திரும்ப வேண்டும். வசதியுள்ளவர்கள் ஊருக்குப் போய் வந்தார்கள். மற்றவர்கள் கெஷ்முக்கோ பக்கத்தில் உள்ள கீஷுக்கோ போனார்கள், ஏனென்றால் அந்தத் தீவுகளில் இறங்க விசா கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் காத்திருந்தால், துபாயின் தேராப் பகுதியில் இருக்கும் டிராவல்ஸ்காரன் புது விசாவை ஃபேக்ஸில் அனுப்புவான். காகிதம் வந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான்.

எனக்கோ காத்திருக்க நேரமில்லை. நான் நர்ஸ், குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி, பம்பாயில் நாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அஜ்மானில் ஒரு கிளினிக் என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை, அரசாங்கத்தின் நர்ஸ் பரீட்சையில் பாஸாக வேண்டும். பரீட்சை, நான் கெஷ்மில் இறங்கும் நாளிலிருந்து பதினோராம் நாள். தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது, கிளினிக்காரர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள், நான் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஊரில் எனக்காக ஒரு மாப்பிள்ளை காத்திருந்தார். காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட அவர் தன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவருக்குப் பயந்தே நான் இரவு பகலாகப் படித்தேன்.

விமானம் பஸ்ஸுக்கு இறக்கை வைத்ததுபோல் இருந்தது. தமிழர்கள், மலையாளிகள், ஃபிலிப்பினோக்கள், வங்காளிகள் என்று எல்லாரும் இருந்தார்கள். தீவைப் பார்க்கப் போகிறவர் ஒருத்தர்கூட இல்லை. இறங்கினதும் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டேன். ஹோட்டலில் கோட்டுப் போட்ட ரிசப்ஷன்காரர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி, மேஜை டிராயரில் அடுக்கி, பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பெண்களுக்கான அறைகள் நிரம்பிவிட்டன என்று என்னைப் பின்தெருவில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். தூங்குவதும் சாப்பிடுவதும் அங்கே. பாஸ்போர்ட் மட்டும் ஹோட்டலில்.

ஹோட்டல் வாசலில் லுங்கியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அண்ணாச்சி. தென்காசிப் பக்கம், மர ஆசாரி, விசாவுக்காகக் காத்திருக்கும் கூட்டத்துக்கே அவர்தான் பிரசிடென்ட். அன்றைக்கு அவருக்கு இருபத்து மூன்றாம் நாள்.

"தங்கச்சி, எத்தன நாளுன்னு சொல்லி அனுப்புனாவ?"

"ரெண்டு நாள்."

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "காலைல பதினோரு மணிக்கு ஒரு ஃபேக்ஸ், மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒண்ணு. பேரு வந்தா கண்ணாடியில ஒட்டுவான். ஒட்டுற நேரத்துல ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்கக் கூடாது பாத்துக்கிடுங்க. அப்படி நின்னவனுக்கு வந்ததே இல்ல" என்றார். கிளம்புகிறவர்கள் மிச்ச அரிசி, ஊறுகாய், சோப்பு எல்லாவற்றையும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தச் சட்டப்படி எனக்கு ஒரு பாதி எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலும், யாரோ ஒரு ஃபிலிப்பினோ பெண்ணின் ரப்பர் செருப்பும் கிடைத்தன.

பின்தெரு வீட்டுக்காரியை முதலில் பார்த்தபோது நான் ஒரு அடி பின்வாங்கினேன். நெற்றியிலிருந்து உதடு வரை சிவப்புத் துணியில் விறைப்பான முகமூடி, ஓரமெல்லாம் தையல் வேலைப்பாடு, நடுவில் கண்ணுக்கு இரண்டு துளை. வயது நாற்பத்தைந்து இருக்கும். நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். அவளுக்குப் பதினாறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு மகள்கள். புருஷன் தேராவுக்குச் சரக்கு லாஞ்சு ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் கடலில். முற்றத்தில் ஒரு பேரீச்ச மரம், அதில் கட்டிய ஒரு ஆடு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஹிந்தி?" என்று கேட்டாள். அந்தக் கரையில் இந்தியாவிலிருந்து வருகிறவர் எல்லாரும் ஹிந்திதான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கடைசிவரை எனக்கு அதுதான் பெயர்.

அவளுக்கு லாஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த இந்தி தெரியும். எனக்கு பம்பாய் நோயாளிகளிடமிருந்து வந்த இந்தி தெரியும். இரண்டும் சேர்ந்து எந்த ஊர் இந்தி ஆனதோ, சண்டை போடப் போதுமானதாக இருந்தது. வந்த அன்றைக்கே போட்டோம். என் பெட்டியை அலமாரிக்கு மேல் வைத்தேன். அவள் வந்து இறக்கிக் கீழே வைத்தாள். மறுபடி மேலே வைத்தேன், மறுபடி இறக்கினாள். கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். இடி விழுகிறதுபோல் கதவைத் தட்டித் திறக்க வைத்து, "தாழ்ப்பாள் போடாதே!" என்று கத்தினாள்.

"தெரியாத ஊர்ல தாழ்ப்பாள் போடாம எப்படித் தூங்குவேன்? உனக்கென்ன கிறுக்கா?" என்று நானும் தமிழிலேயே கத்தினேன்.

அவள் தரையைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியுமாக ஆட்டிக் காட்டினாள். மூத்தவள் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விளக்கினாள். இங்கே நிலம் அடிக்கடி ஆடும். ஆடினால் கதவுச் சட்டம் கோணும், தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. தலைமாட்டுக்கு மேல் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. செருப்பை வாசலைப் பார்த்து விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். இது அந்த வீட்டின் சட்டம். அம்மாவின் அம்மா காலத்திலிருந்து அப்படித்தானாம். நான் செருப்பைத் திருப்பி வைத்தேன், பெட்டியையும் கீழே விட்டேன். தாழ்ப்பாளை மட்டும் அவள் போன பிறகு சத்தமில்லாமல் போட்டுக்கொண்டேன். தினமும் அப்படித்தான் செய்தேன், அவளும் தினமும் கண்டுபிடித்துத் திட்டினாள்.

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாளும் போயிற்று. பெயர் வரவில்லை. டிராவல்ஸ்காரனுக்குப் போன் போட்டால், "நாளைக்கு இன்ஷா அல்லா, மேடம்" என்றான். அந்த மேடத்தைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போன் பூத்திலிருந்து நான் வெளியே வரும் முகத்தைப் பார்த்தே அண்ணாச்சி நாற்காலியை நகர்த்திப் போடுவார்.

நான்காம் நாள் காலை, முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மெல்லிய ரொட்டியில் நெத்தலி மீனை உப்பில் ஊறவைத்துச் செய்த குழம்பைத் தடவித் தருவாள். முதல் வாயிலேயே நான் விழுந்துவிட்டேன், கடற்கரைக்காரிக்கு அது போதும். அப்போது தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுவென்றன. ஆடு எழுந்து நின்றது. பாயோடு சேர்த்து யாரோ என்னை ஒரு முறை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

வீட்டுக்காரி எழுந்து முற்றத்தின் நடுவில் நின்று, உரக்கக் கூப்பிட ஆரம்பித்தாள். மூத்தவள் பெயர். "இருக்கேன்." சின்னவள் பெயர். "இருக்கேன்." ஆட்டின் பெயர். அதன் காதை இழுத்தாள், கத்தியது. பிறகு "ஹிந்தி!" என்றாள். நான் அவள் முன்னால் இரண்டடி தூரத்தில் ரொட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். "இதோ இருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்றேன். அது செல்லாது. வாயைத் திறந்து "இருக்கேன்" என்று சொல்லும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நிலம் ஆடி நின்றதும் வீட்டில் உள்ள தலைகளை இப்படி எண்ணிவிட்டுத்தான் அவள் அடுத்த வேலை பார்ப்பாள். ஆட்டுக்கு அடுத்தபடியாக என்னை வைத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் ஆடு அந்த வீட்டில் ஐந்து வருடமாக இருக்கிறது, நான் நாலு நாளாக இருக்கிறேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, ஃபேக்ஸ் கிடையாது. வீட்டுக்காரி தன் தம்பியின் பிக்கப் வண்டியில் என்னை ஏற்றினாள். துணைக்கு அண்ணாச்சியையும் அழைத்துக்கொண்டேன். அவர் ஷூ போடாமல் வந்தார். மரமே இல்லாத பொட்டல். மழை அரித்த மலைகள். அப்புறம் திடீரென்று கடலுக்குள் பச்சையாக அலையாத்திக் காடு. ஒரு இடத்தில் இடிந்த கோட்டை, வாசலில் துருப்பிடித்த பீரங்கி. போர்ச்சுகீசியர் கட்டியதாம்.

"நம்ம கரைக்கு வந்தவனுவதானே?" என்றார் அண்ணாச்சி. "அங்க கோயிலு கட்டுனான், இங்க கோட்ட கட்டிருக்கான். பெரிய காண்ட்ராக்டரா இருந்திருப்பான் போல."

எங்கள் கரையில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் வீட்டுப் பெயரில் அவர்களுடைய வாசனை உண்டு. அதை வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் தன் முகமூடியைத் தட்டிக் காட்டி ஒரு கதை சொன்னாள். அந்தக் காலத்தில் ஆண்கள் கடலுக்குப் போன நேரம் பார்த்து எதிரிக் கப்பல் வருமாம். பெண்கள் இந்த முகமூடியோடு கரையில் வரிசையாக நிற்பார்களாம். தூரத்திலிருந்து பார்த்தால் மீசை வைத்த சிப்பாய்கள் நிற்கிற மாதிரி தெரியுமாம், கப்பல்காரன் திரும்பிவிடுவானாம்.

"எந்த எதிரி?" என்று கேட்டேன்.

"யார் வரவில்லை? போர்ச்சுகீசியன் வந்தான், அரபி வந்தான், இங்கிலீஸ்காரன் வந்தான். எல்லாரும் வந்தார்கள், போனார்கள். இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள், போக மாட்டேன் என்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

லாஃப்ட் என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரம். துபாயில் கிரீக் என்னும் உப்பங்கழி ஓரத்துப் பழைய வீடுகளில் இருக்கிற அதே கோபுரங்கள்தான். இந்தக் கரையிலிருந்து போனவர்கள்தான் அங்கே கட்டினார்களாம். ஊர் நடுவில் பாறையைக் குடைந்த கிணறுகள், வாய் சின்னதாக, அடுத்தடுத்து. மழைத் தண்ணீரைச் சேர்த்துவைப்பதற்கு. வருடத்தில் ஒரு நாளைக்கு ஒரு கிணறு என்று கணக்கு, அந்தந்த நாளுக்கு அந்தந்தக் கிணற்றில்தான் இறைக்க வேண்டும், மற்றவை மூடியிருக்கும் என்றாள்.

"லீப் வருசம் வந்தா என்ன செய்வாவளாம்?" என்று மடக்கினார் அண்ணாச்சி.

நான் மொழிபெயர்த்தேன். அதற்கும் ஒரு கிணறு உண்டு என்று கூடுதலாக இருந்த ஒன்றைக் காட்டினாள். அண்ணாச்சி அந்தக் கிணற்றோரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருடத்துக்கு ஒரு நாள் தண்ணீர் எடுக்கப் பாறையைக் குடைந்தவன் எவனாக இருந்தாலும் அவன் நல்ல வேலைக்காரன் என்றார்.

ஆறும் ஏழும் போயின. எனக்குச் சோறு இறங்கவில்லை. கைடை மூன்றாவது முறையாகப் படித்து முடித்துவிட்டேன். அக்கா போனில், "எட்டி, பரீட்சைக்கு மூணு நாள்தான இருக்கு" என்றாள். எனக்குத் தெரியாதா? அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், போன் கார்டு முடிந்துவிட்டது.

எட்டாம் நாள் மத்தியானம். சாப்பிட்டதும் வீட்டில் எல்லாரும் படுத்தார்கள். நானும் படுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அறைக்குப் போனேன். தூக்கம் வரவில்லை. இரண்டு மணி ஃபேக்ஸ் வந்திருக்குமே என்ற நினைப்பு. கதவை வெளிப்பக்கமிருந்து இழுத்துச் சாத்திவிட்டு, அவளை எழுப்பாமல் பூனை மாதிரி நழுவித் தெருவுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாதித் தெருவில் வந்துவிட்டது. முதலில் சத்தம்தான், தெருவுக்கு அடியில் பெரிய லாரி ஒன்று போகிற மாதிரி. அப்புறம் தரை காலைத் தட்டிவிட்டது. சுவரைப் பிடித்தேன், சுவரும் நடந்தது. எனக்குப் பின்னால் முப்பது அடியில் அந்த வீடு, திறந்த முற்றம், தூங்கிக்கொண்டிருக்கும் மூன்று பேர். முன்னால் மூன்று மாடி ஹோட்டல். நான் ஹோட்டலைப் பார்த்து ஓடினேன்.

நான் மட்டுமா? வெளியே நின்று பந்து விளையாடிக்கொண்டிருந்த ஃபிலிப்பினோ பையன்கள் உள்ளே ஓடினார்கள். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அண்ணாச்சி ஓடினார். மலையாளிகள், வங்காளிகள், எல்லாரும் ஆடுகிற கட்டடத்துக்குள்ளே ஓடினோம். எதிரே ரிசப்ஷன்காரர் மட்டும் புத்தியுள்ள மனிதராக வெளியே ஓடினார். அவர் கோட்டுப் பையில் சாவி. "சாவி! சாவி!" என்று நாலு பாஷையில் கத்தினோம். அவர் நின்றாரா? அண்ணாச்சி டிராயரை ஒரு பிடி பிடித்தார். மேஜையின் முன்பலகையே கையோடு வந்துவிட்டது. மேலேயிருந்து காரை உதிர்கிறது, விளக்கு ஊஞ்சலாடுகிறது, நாங்கள் தரையில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளைக் கிண்டிக்கொண்டிருக்கிறோம். என்னுடையது கிடைத்ததும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தேன். அப்போது இரண்டாவது முறை ஆடியது.

பிறகு நின்றது. தெருவில் தீவுக்காரர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் வயசானவர்களைத் தாங்கிக்கொண்டும் நின்றார்கள். எதிர்ப் பக்கத்தில் நாங்கள் நாற்பது பேர், ஆளுக்கொரு சின்னப் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"உசிரு போனா என்ன தங்கச்சி, எக்சிட் ஸ்டாம்பு பத்திரமா இருக்குல்லா" என்றார் அண்ணாச்சி, நுரை வழிகிற முகத்தோடு. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்காமலே பின்தெருவுக்குத் திரும்பினேன். வீட்டின் முன்சுவர் நின்றது. என் அறைக் கதவுக்கு மேலே சுவரில் ஒரு பெரிய துண்டைக் காணவில்லை. அது கீழே கிடந்தது. பேரீச்ச மரத்தடியில் வீட்டுக்காரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமூடி அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது. வலது முன்கை, இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

மூத்தவள் என்னைப் பார்த்ததும் அலறிக்கொண்டு வந்தாள். "எங்கே போனாய்? உன்னைக் கூப்பிட்டாள். நீ பதில் சொல்லவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்!"

நடந்தது இதுதான். ஆட்டம் நின்றதும் அவள் முற்றத்தில் நின்று எண்ணியிருக்கிறாள். மூத்தவள் இருந்தாள், சின்னவள் இருந்தாள், ஆடு இருந்தது. ஹிந்தி இல்லை. கதவு சாத்தியிருந்தது. சட்டம் கோணி இறுகியிருந்தது. சனியன் பிடித்தவள் வழக்கம்போல் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டாள் என்று நினைத்திருக்கிறாள். நினைக்காமல் என்ன செய்வாள்? எட்டு நாளும் நான் போட்டேனே. மகள்கள் இழுத்தும் கேட்காமல் போய்க் கதவை இடித்திருக்கிறாள். இரண்டாவது ஆட்டத்தில் சுவர் விழுந்தது.

எனக்குச் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பாஸ்போர்ட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மீன் பெட்டியிலிருந்து இரண்டு பலகையை உடைத்து, துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். விரல் நகங்களை அமுக்கிப் பார்த்தேன். வெளுத்து, மறுபடி சிவந்தன. ரத்தம் ஓடுகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள், கத்தவே இல்லை. சத்தம் போட்டே பழகியவள் சத்தம் போடாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தீவு ஆஸ்பத்திரியில் கூட்டம். தீவின் உட்பக்கக் கிராமங்களில் வீடுகள் விழுந்திருந்தன, அங்கிருந்து வந்தவர்கள் தரையெல்லாம் படுத்திருந்தார்கள். எங்கள் முறை மறுநாள்தான் வந்தது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நான் அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு இருந்த இந்தியில் பூசி மெழுகத் தெரியாது. "நான் உள்ளே இல்லை. பாஸ்போர்ட் எடுக்க ஹோட்டலுக்கு ஓடினேன். உங்களை நினைக்கவே இல்லை."

அவள் முகமூடி குலுங்கச் சிரித்தாள். இடது கையால் என் மண்டையில் ஓங்கி ஒரு குட்டு வைத்து, "பாகல்" என்றாள். பைத்தியம் என்று அர்த்தம். மூத்தவள் சிரிக்கவில்லை. அவள் என்னிடம் அப்புறம் சரியாகப் பேசவேயில்லை, அவள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. ஆபரேஷன் செய்ய வேண்டும், ஈரான் பக்கத்து எதிர்க்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். பத்தாம் நாள் காலைதான் படகில் இடம் கிடைத்தது. அன்றுவரை முற்றத்திலேயே படுத்தோம். நிலம் அவ்வப்போது லேசாக ஆடியது. ஒவ்வொரு முறையும் அவள் படுத்தபடியே எண்ணினாள். "ஹிந்தி!" என்று கூப்பிடும்போது அவள் முடிக்குமுன் "இருக்கேன், இருக்கேன்" என்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

நிலம் ஆடியதில் அறுந்துபோயிருந்த போன் லைனும் பத்தாம் நாள் காலையிலேயே சரியாகிவிட்டது. அண்ணாச்சி ஓடி வந்தார். "தங்கச்சி, வந்துட்டு! மூணாவது பேரு ஒங்களுது! மத்தியானம் மூணு மணிக்குப் பிளேனு!" அவர் பெயர் இல்லை. ஆனாலும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. பரீட்சை மறுநாள் காலை. நான் குதித்திருக்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குத்தான் போனேன், அவள் விரல்கள் அன்று காலையில் கூடுதலாக வீங்கியிருந்தன. மூத்தவள் கூடப் போகிறாள்தான், ஆனால் அவளுக்கு நகத்தை அமுக்கிப் பார்க்கத் தெரியாது.

துறை வாசலில் ஒரு காவலர் பாஸ்போர்ட் கேட்டார். கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தீவுக்குத்தான் எனக்கு விசா வேண்டாம். அக்கரைக்கு வேண்டும். "நான் நர்ஸ்யா! அந்தக் கையைப் பாரு, வீங்கிக் கெடக்குறது கண்ணுல படலையா?" என்று தமிழில் கத்தினேன். இந்தியில் கத்தினேன். அவர் பாஸ்போர்ட்டை மரியாதையாக மூடி என் கையில் திருப்பித் தந்தார். அதை வாங்கிக் கடலில் எறியலாம் போல் இருந்தது, எறியவில்லை.

அவர் விட்டிருந்தால் படகில் ஏறியிருப்பேனா? மூன்று மணி விமானத்தை விட்டிருப்பேனா? விட்டிருப்பேன் என்றுதான் இத்தனை வருடமாகக் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நகத்தை எப்படி அமுக்கிப் பார்ப்பது, எந்த நிறம் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே மூத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முறைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். வீட்டுக்காரி என் பெட்டியைப் பார்த்தாள். காகிதம் வந்த விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

"காகஸ் ஆயா?" என்று கேட்டாள். காகிதம் வந்ததா?

"ஆயா" என்றேன்.

"எப்போது விமானம்?"

"மூணு மணிக்கு."

"அப்புறம் இங்கே நின்று என்ன செய்கிறாய்? போ! யல்லா!" என்று பழைய குரலில் கத்தினாள். துறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். படகு கிளம்பிவிட்டது.

அவளுக்குத் தகடு வைத்து ஆபரேஷன் செய்ததையும், கை நல்லபடியாகக் கூடிவிட்டதையும் மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி போனில் சொன்னார். அவருக்கு நாற்பத்து எட்டாம் நாள் விசா வந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அந்த வீட்டுக் கதவுச் சட்டத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாராம்.

மறுநாள் காலை பரீட்சைக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். அத்தான் இரண்டு நாள் வேலை என்று ஒன்றும் சொல்லாமல் டாக்ஸியில் கொண்டுவிட்டார். குளிரூட்டிய ஹால், ஆளுக்கொரு மேஜை, எல்லாம் டிக் போடுகிற கேள்விகள். மூன்று முறை படித்த பாடம், பேனா தானாக ஓடியது. பாதி தாண்டியதும் ஒரு கேள்வி. வார்டில் தீப்பிடித்துவிட்டது, நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது எது? நோயாளிகளின் ஆவணங்களைப் பத்திரப்படுத்துவது. அலாரம் அடிப்பது. கதவுகளை மூடுவது. ஆபத்தில் இருப்பவரை வெளியே கொண்டுவருவது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கண்காணிப்புக்கு நின்ற பெண்மணி பக்கத்தில் வந்து, ஏதாவது பிரச்சினையா சிஸ்டர் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். நாலாவது கட்டத்தில் டிக் போட்டேன். பாஸாகிவிட்டேன்.